ஆற்றில் கிடக்கும் கரிய கல்: ஜவ்வாது மலையில் இனங்காணும் முறை

செய்யாற்றின் மேல்படுகையிலும் கமண்டல நாகநதியின் ஓடைகளிலும் வெளிர்சாம்பல் கற்களுக்கு நடுவே கன்னங்கரேலென்று கனத்த கூழாங்கற்கள் கிடக்கும். எடுத்துப் பார்ப்பவர் மனத்தில் முதலில் எழுவது எரிமலை. படத்தை வைத்துப் பெயர் சொல்லும் கைபேசிச் செயலியும் 'பசால்ட்' என்று சொல்லிவிடக்கூடும். இந்த அத்தியாயம் அந்தப் பெயரைத் தள்ளிப்போடச் சொல்கிறது. ஜவ்வாது மலையில் கரிய நுண்மணிக் கல் கிடைத்தால் டோலரைட் என்ற ஊகத்திலிருந்து தொடங்குங்கள். பசால்ட் என்று சொல்பவர்தான் அதற்குச் சான்று தர வேண்டும்.

இரண்டும் ஒரே வகைப் பாறைக்குழம்பிலிருந்து பிறந்தவை. தரைக்கு மேல் வழிந்து விரைவாக ஆறியது பசால்ட். மேலே வராமல் நிலத்தடி விரிசல்களில் சிக்கி, சற்று நிதானமாக ஆறியது டோலரைட். அப்படி விரிசலை நிரப்பி நிற்கும் பாறைச் சுவருக்கு டைக் என்று பெயர். இந்தப் புத்தகத்துக்கு வேண்டிய பாடம் அவ்வளவே. மற்றதெல்லாம் கையும் கண்ணும் செய்ய வேண்டிய வேலை.

ஏன் டோலரைட்டிலிருந்து தொடங்க வேண்டும்?

ஆறு தன் நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு வெளியிலிருந்து கல்லைக் கொண்டுவர முடியாது. செய்யாறும் கமண்டல நாகநதியும் ஜவ்வாது மலையிலேயே பிறப்பவை. எனவே அவற்றின் மேல்படுகையில் இயற்கையாகக் கிடக்கும் ஒவ்வொரு கல்லும் இந்த மலையின் பாறையிலிருந்து உடைந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும். மலையின் உடம்பு நைஸும் சார்னோகைட்டும். இரண்டும் பூமியின் ஆழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய, சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையுள்ள பாறைகள். அவற்றை ஊடறுத்துக்கொண்டு 150 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட டோலரைட் டைக்குகள் இந்த வட்டாரம் முழுவதும், தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கங்களிலும், கோடு கோடாக ஓடுகின்றன. எரிமலைக் குழம்பு வழிந்து உறைந்த படுகை எதுவும் மலையில் இல்லை. இந்தியாவில் பசால்ட்டுக்குப் பேர்போன தக்காணப் படிவுகள் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் உண்டானவை. ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் இன்றும் நிற்கும் அவை மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம், வட கர்நாடகம் என்று பரவியிருக்கின்றன. தமிழ்நாட்டுக்குள் அவை வரவில்லை.

நிலத்தடியில் டைக்குகள் இருந்தால் அவற்றுக்கு மேலே ஒரு காலத்தில் குழம்பு வழிந்திருக்கலாமே, அதன் மிச்சம் ஆற்றில் கிடக்கக்கூடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் டைக்குகளையே வெளிக்காட்டும் அளவுக்கு மேல்தரை அரித்துப் போயிருக்கிறது. மேலே ஏதாவது இருந்திருந்தால் அதுதான் முதலில் போயிருக்கும். இன்று படுகையில் உருளும் கல், அண்மைக் காலத்தில் கரையிலிருந்தோ சரிவிலிருந்தோ கழன்றது. 150 கோடி ஆண்டுகளாக அது உருண்டுகொண்டே இருந்திருக்க வழியில்லை. கரிய கற்களைப் பார்த்து ஜவ்வாது மலையையே அணைந்துபோன எரிமலை என்று முடிவுகட்டுவதும் இதே காரணத்தால் தவறு.

இந்த வாதம் பாலாற்றுக்கும் தென்பெண்ணைக்கும் அப்படியே பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். மலைக்கு வடக்கே ஓடும் பாலாறும் தெற்கே ஓடும் தென்பெண்ணையும் கர்நாடகத்தின் நந்தி மலைப் பக்கத்திலிருந்து வருகின்றன. பாலாறு கோலார் பகுதியைக் கடந்து வருவது. கோலார் தங்கவயல் அமைந்துள்ள பாறைப்பட்டையில், பழங்காலத்து எரிமலைக் குழம்பு உருமாறிய கரும்பாறைகள் ஏராளம். ஆகவே வாணியம்பாடியிலோ ஆம்பூரிலோ பாலாற்றில் எடுத்த கல்லை ஜவ்வாது மலைக் கல் என்று எழுதிவிடாதீர்கள். பழகுவதற்கு மலைக்குள் பிறந்து ஓடும் சிற்றாறுகளே ஏற்றவை.

கிளம்புமுன்

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், கண்ணை மூடிக் காக்கும் கண்ணாடி, ஒரு எஃகுக் கத்தி, நூலில் கட்டிய சிறு காந்தம், பழந்துணி, அழியாத மை பேனா, குறிப்பேடு ஆகியவை போதும். சுத்தியல் வேண்டுமானால் கல்லுடைப்பதற்கென்று செய்ததாக இருக்கட்டும். ஆணி பிடுங்கும் தச்சுச் சுத்தியலின் முகம் கடினப்படுத்தப்பட்டது. டோலரைட்டில் ஓங்கி அடித்தால் அந்த எஃகே சில்லாகத் தெறித்துக் கண்ணில் பாயும்.

இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் 'பூகோஷ்' இணையத் தளத்தில் நிலவியல் வரைபடம் இலவசமாகக் கிடைக்கிறது. நீங்கள் போகும் ஓடைக்கு மேலே டைக் கோடுகள் வரையப்பட்டிருக்கின்றனவா என்று முந்தைய நாளே பாருங்கள். கோடு இல்லை என்பதால் டைக் இல்லை என்று பொருளல்ல. சில அடி அகலமே உள்ளவை வரைபடத்தில் ஏறுவதில்லை.

> பாதுகாப்பு: ஜனவரி முதல் மே வரை நீர் குறைந்திருக்கும். அப்போதும் கோடையில் பிற்பகல் இடிமழை உண்டு. உங்கள் தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும்போதே மேலே பெய்த மழை ஓடையில் வந்துவிடும். நீர் திடீரென்று கலங்கினாலோ சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ கல்லைப் போட்டுவிட்டுக் கரையேறுங்கள். பீமன் நீர்வீழ்ச்சி போன்ற இடங்களில் பாசி படிந்த விளிம்புப் பாறையில் கல் தேட வேண்டாம்.

இன்னொன்று, சட்டம் சார்ந்தது. மலையின் பெரும்பகுதி காப்புக்காடு. அங்கே நுழையவும், கல்லை உடைக்கவும் எடுக்கவும் வனத்துறை அனுமதி வேண்டும். சந்தன மரத்துக்குப் பேர்போன மலை என்பதால், சாக்குப்பையும் சுத்தியலுமாகக் காட்டில் திரியும் வெளியூர்க்காரரைக் காவலர் நிறுத்தி விசாரிப்பதில் வியப்பில்லை. ஊருக்குப் பக்கத்திலுள்ள ஆற்றுப் படுகையில், ஊராரிடம் சொல்லிவிட்டுப் பார்ப்பது எல்லோருக்கும் நல்லது.

படுகையில் செய்ய வேண்டியவை

1. கல்லை உலர்த்துங்கள். நனைந்த கல் எல்லாமே கறுப்பாகத் தெரியும். எடுத்த கற்களைத் துடைத்து வெயிலில் கால்மணி நேரம் பரப்பி வையுங்கள். பாதிக் கற்கள் சாம்பலுக்கோ பழுப்புக்கோ மாறிவிடும். அவற்றை ஒதுக்குங்கள்.

2. புதிய முகத்தைக் காணுங்கள். முழு அத்தியாயத்திலும் மிக முக்கியமான படி இது. ஆற்றுக்கல்லின் மேல் இரும்பும் மாங்கனீசும் மெல்லிய கரிய பூச்சாகப் படியும். உள்ளே வெள்ளையாக இருக்கும் நைஸ் கல்லும் வெளியே கருங்கல்லாக நடிக்கும். டோலரைட்டோ எதிர்த்திசையில் ஏமாற்றும்: உள்ளே கறுப்பு, வெளியே துருப்பிடித்த பழுப்புத் தோல். எனவே வெளிநிறத்தை வைத்து எடுப்பதும் தள்ளுவதும் இரண்டுமே பிழை. ஏற்கெனவே உடைந்த கல்லைத் தேடுங்கள். வண்டித் தடத்திலும் கரைச் சரிவிலும் அவை கிடைக்கும். உடைத்துத்தான் ஆகவேண்டுமென்றால் கண்ணாடியை அணிந்து, கல்லைத் துணியால் சுற்றித் தரையில் வைத்து, ஓரத்தில் அடியுங்கள். உள்ளங்கையில் ஏந்தி அடிக்கக்கூடாது. பக்கத்தில் நிற்பவரையும் விலகச் சொல்லுங்கள். வழவழத்து உருண்ட டோலரைட் எளிதில் உடையாது. இரண்டு மூன்று அடிக்கு மசியவில்லை என்றால் வேறு கல்லுக்குப் போங்கள். அந்தப் பிடிவாதமும் ஒரு சான்றுதான், குறித்துக்கொள்ளுங்கள்.

3. லென்ஸை வைத்து மணிகளைப் பாருங்கள். லென்ஸைக் கண்ணுக்கு ஒட்டிப் பிடித்து, கல்லை அதன் பக்கம் கொண்டுவாருங்கள். புதிய முகத்தை நனைத்துக்கொண்டால் இன்னும் தெளிவு. டோலரைட்டில் வெளிறிய சின்னஞ்சிறு குச்சிகள் தாறுமாறாகக் குறுக்கும் நெடுக்கும் கிடக்கும். அவை ஃபெல்ட்ஸ்பார். இடுக்குகளை நிரப்பியிருக்கும் கரும்பச்சைக் கறுப்பு பைராக்சின். குச்சிகளுக்கு ஒரே திசை இருக்கக்கூடாது. திசை தெரிந்தால், மணிகள் அணிவகுத்து நின்றால், பட்டை பட்டையாகப் பிரிந்தால், அது உருமாறிய பாறை. லென்ஸுக்கும் மணியே தெரியாமல் ஒரே கறுப்பாக இருந்தால் அவசரப்பட்டுப் பசால்ட் என்று எழுதாதீர்கள். அதற்கான காரணம் பின்னால் வருகிறது.

4. துளைகளை நம்புமுன் உள்ளே பாருங்கள். வாயு வெளியேறிய குமிழ்த் துளைகள் எரிமலைக் குழம்பின் அடையாளம் என்று பள்ளியில் படித்திருப்போம். உண்மைதான். தக்காணப் பசால்ட்டில் அத்துளைகளை வெள்ளைக் கனிமங்கள் நிரப்பியிருப்பதும் உண்டு. ஆனால் ஆற்றுக்கல்லின் மேற்பரப்பிலுள்ள குழிகள் பெரும்பாலும் ஃபெல்ட்ஸ்பார் இற்று உதிர்ந்த இடங்கள். உடைத்துப் பாருங்கள்: குமிழாக இருந்தால் உள்ளேயும் உருண்டையாக இருக்கும், வெறும் அரிப்பாக இருந்தால் தோலோடு நின்றுவிடும்.

5. கத்தியால் கீறுங்கள். உங்களிடமிருந்து வெளிநோக்கிக் கீற வேண்டும். புதிய முகத்தில் கத்தி வெள்ளிக்கோடு போல உலோகத் தடத்தை விட்டுச் சென்றால் டோலரைட் போட்டியில் நீடிக்கிறது. தூள் உதிர்ந்து பள்ளம் விழுந்தால் அது மாக்கல் போன்ற மென்மையான கல், அல்லது இற்றுப்போன தோல்.

6. காந்தத்தைத் தொங்கவிட்டுப் பாருங்கள். நூலில் ஆடும் காந்தம் டோலரைட்டின் பக்கம் லேசாகச் சாயலாம், சாயாமலும் இருக்கலாம். அதிலுள்ள மேக்னடைட் என்ற காந்தக் கனிமத்தின் அளவைப் பொறுத்தது. 'டக்'கென்று ஒட்டிக்கொண்டால் சந்தேகப்படுங்கள். திருவண்ணாமலைக்கு அருகே கவுத்திமலையில் இரும்புத்தாதுப் பாறை இருப்பது தெரிந்ததே. கரிய, கனத்த, காந்தத்தை இழுக்கும் கல்லுக்கு அந்த இனமும் இந்த வட்டாரத்தில் உண்டு.

> குறிப்பு: அமிலச் சோதனை இங்கே வேண்டாம். டோலரைட்டைப் பற்றி அது எதையும் சொல்லாது, பையில் குப்பி உடைந்தால் கையைச் சுடும்.

வீட்டில்: எடை சொல்லும் செய்தி

கையில் தூக்கிப் பார்த்துக் 'கனம்' என்று சொல்வது சான்றாகாது. சமையலறை மின்தராசு இருந்தால் ஒப்படர்த்தியையே கண்டுபிடித்துவிடலாம். உலர்ந்த கல்லை முதலில் எடைபோடுங்கள். பிறகு தராசின் மேல் பாதி நீருள்ள பாத்திரத்தை வைத்து அளவைப் பூஜ்யமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுதும் நீரில் மூழ்குமாறு பிடியுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம் எண்தான் கல்லின் கன அளவு. முதல் எண்ணை இரண்டாவதால் வகுக்க வேண்டும். 580 கிராம் கல் நீரில் 195 காட்டினால் விடை ஏறத்தாழ 2.97.

டோலரைட் பொதுவாக 2.9 முதல் 3.05 வரை நிற்கும். நைஸும் கிரானைட்டும் 2.6 முதல் 2.7 வரை. 2.75-க்குக் கீழே வந்த கரிய கல்லை டோலரைட் பட்டியலிலிருந்து துணிந்து எடுத்துவிடலாம். 3.2-ஐத் தாண்டினால் இரும்புத்தாதோ, பைராக்சின் மிகுந்த வேறு பாறையோ என்று பாருங்கள். 300 கிராமுக்குக் குறைந்த கல்லில் தராசின் பிழையே விடையைக் கெடுக்கும். இதற்கும் ஒரு மறுப்பு உண்டு: பசால்ட்டும் ஏறக்குறைய இதே எடைதானே? ஆம், எடை அவை இரண்டையும் பிரிக்காது. வேறு இனங்களைக் கழிப்பதற்கே அது உதவும். இந்த மலையில் உங்களை அதிகம் ஏமாற்றப்போவது பசால்ட் அல்ல, கீழே வரும் கற்கள்தான்.

ஏமாற்றும் கற்கள்

முதலிடம் சார்னோகைட்டுக்கு. சென்னைப் பரங்கிமலையும் பல்லாவரமும் இதே பாறைதான். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் இவ்வினம் என்பதால் நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து 1893-இல் அவர் பெயரையே இதற்கு வைத்தார். புதிய முகம் நீலமோ பச்சையோ கலந்த கருஞ்சாம்பலாக, எண்ணெய் தடவியது போல மின்னும். மணிகள் ஏறக்குறைய ஒரே அளவில், கண்ணுக்கே தெரியும். குச்சி வடிவம் இருக்காது. மங்கிய நீலச்சாம்பல் குவார்ட்ஸ் கண்ணாடிச் சில்லுபோல் தெரிந்தால் ஐயமில்லை. சார்னோகைட்டில் கறுப்பு மிகுந்த வகையும் உண்டு, அதன் எடை டோலரைட்டை நெருங்கும். அங்கே எடையை விட்டுவிட்டு மணியின் வடிவத்தை நம்புங்கள். ஆம்பிபோலைட் என்பது அடுத்தது. கரிய ஊசிகள் ஒரே திசையில் படுத்து, கல்லைத் திருப்பத் திருப்பப் பளிச்சிடும். சிவந்த கார்னெட் மணிகள் தெரிந்தால் உருமாறிய பாறை என்று எடுத்துக்கொண்டு மேலே போகலாம்.

மனிதர் கொண்டுவந்து போட்ட கற்கள் மற்றொரு கூட்டம். ஆற்றுக்கு இயற்கையாக எது வரும் என்பதுதான் நம் வாதத்தின் அடித்தளம். பாலத்தடியில் அந்த அடித்தளம் ஆடிப்போகும். சாலைக்குக் கொட்டிய ஜல்லி, தார்க்கட்டி, உடைந்த அம்மி, ஆட்டுக்கல் எல்லாம் வெள்ளத்தில் உருளும். அங்கே விளிம்பு கூர்மையாக, தட்டையான முகங்களோடு இருக்கும் கல்லை ஒதுக்கிவிடுங்கள். பாலத்துக்கும் சாலைக்கும் மேலே, ஆற்றின் வரத்துப் பக்கத்தில் சேகரிப்பது அதைவிடப் பாதுகாப்பு. உள்ளெல்லாம் குமிழாக, துருவும் கண்ணாடி மினுக்கமும் கலந்து, வழிந்த சுருக்கங்களோடு ஒரு கட்டி கிடைத்தால், அதை எரிமலைக் கல் என்று கொண்டாடுமுன் இரும்பு உருக்கிய கசடா என்று பாருங்கள்.

அரிதாக, ஒரு முனை தீட்டிக் கூராக்கியது போன்ற கரிய கல் கண்ணில் படலாம். திருப்பத்தூருக்கு அருகே பையம்பள்ளியில் 1960-களில் இந்தியத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வு, புதிய கற்கால மக்கள் இந்த அடிவாரத்தில் வாழ்ந்ததைக் காட்டியது. நுண்மணியும் உரமும் உள்ள கரிய கல்லைத்தான் அவர்கள் கோடரிக்குத் தேர்ந்தார்கள். மலையூர்களில் அத்தகைய கோடரிகளைச் சாமியாக வைத்து வழிபடுவதும் உண்டு. வழிபாட்டிலுள்ள கல்லைத் தொடாதீர்கள். படுகையில் கிடந்தால் கிடந்தபடியே படமெடுத்து, இடத்தைக் குறித்து, வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவியுங்கள். கத்திச் சோதனை, சுத்தியல் சோதனை எதுவும் அதன்மேல் கூடாது.

வரத்துப் பக்கம் நடங்கள்

இதுவரை சொன்ன சோதனைகள் எல்லாம் சேர்ந்தாலும் ஒரு கேள்வி மிஞ்சும். டைக்கின் நடுப்பகுதி மெதுவாக ஆறியது, மணி தெரியும். அதன் ஓரமோ குளிர்ந்த சுற்றுப்பாறையைத் தொட்டவுடன் உறைந்தது. அங்கே மணிகள் லென்ஸுக்கும் எட்டாத அளவு நுண்மையாக இருக்கும். அந்த ஓரத்திலிருந்து உடைந்த கூழாங்கல்லையும் உண்மையான பசால்ட் கூழாங்கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், கையில் பிடித்துப் பார்த்து எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் தெரியாதா என்றால், வேதியியலும் ஒன்றே, மணியும் ஒன்றே என்கிறபோது ஆய்வுக்கூடமும் 'எங்கே எடுத்தது?' என்றுதான் திருப்பிக் கேட்கும். பெயரைத் தீர்மானிப்பது அந்தக் கல் எந்தப் பாறையிலிருந்து கழன்றது என்பதே.

ஆகவே படுகையில் ஏறக்குறைய நூறடிக்கு ஒருமுறை நின்று, காலடியிலுள்ள இருபது கற்களில் கரியவை எத்தனை என்று எண்ணிக்கொண்டே மேலே செல்லுங்கள். எண்ணிக்கை கூடிக்கொண்டே வந்து, கற்களும் பெரிதாகி, முனை மழுங்காதவையாக மாறி, பிறகு திடீரென்று அற்றுப்போகும். அற்றுப்போன இடத்துக்குச் சற்றுக் கீழேதான் டைக் ஆற்றைக் குறுக்கே கடக்கிறது, அல்லது ஒரு பக்க ஓடை அதைக் கொண்டுவருகிறது. கரையில் வெளிறிய பாறைக்கு நடுவே கறுத்த உருண்டைப் பாறைகள் ஒரே நேர்க்கோட்டில் சரிவேறிச் செல்கின்றனவா என்று பாருங்கள். இற்றுப்போன டோலரைட் வெங்காயத்தைப் போல் தோல் தோலாக உரியும், உள்ளே கெட்டியான உருண்டை மிஞ்சும். இரண்டு பாறைகளும் சந்திக்கும் கோடு தெரிந்தால் அதிலிருந்து நடுப்பகுதிவரை லென்ஸை வைத்துக்கொண்டே நகருங்கள். ஓரத்தில் நுண்மை, நடுவில் பருமை என்று கண்டுவிட்டால் டோலரைட் டைக் உறுதி. கோட்டின் திசையைக் கைபேசித் திசைகாட்டியில் குறிக்கும்போது பாறையிலிருந்து சில அடி விலகி நில்லுங்கள். மேக்னடைட் ஊசியை ஏமாற்றும்.

படுகையில் கரிய கற்கள் மிகுந்திருப்பதால் மலையும் அந்தப் பாறையால்தான் ஆனது என்று நினைக்க இடமுண்டு. அது சரியல்ல. நைஸ் இற்று மணலாகப் போய்விடுகிறது, டோலரைட் தாக்குப்பிடிக்கிறது. ஒல்லியான ஒரு டைக்கே ஒரு படுகையை முழுக்கக் கறுக்க வைக்கும்.

பெயர் எதுவானால் என்ன, வேதியியல் ஒன்றுதானே என்று கேட்பவருக்குக் கிணறு வெட்டுகிறவர் விடை சொல்வார். டைக் நிலத்தடியில் நிற்கும் சுவர். நிலத்தடி நீரை ஒரு பக்கம் தேக்கவும் மறுபக்கம் வறட்சியாக்கவும் அதனால் முடியும். அதன் ஓர விரிசல்களில் நீர் ஓடுவதும் உண்டு. கிடையாகப் பரவிய பசால்ட் படுகையில் நீரைத் தேடும் முறையே வேறு. 'கருப்பு கிரானைட்' என்று மெருகேற்றி விற்கப்படுவதில் பெரும்பகுதியும் இத்தகைய டைக்குகளை வெட்டி எடுத்ததுதான்.

சீட்டு எழுதுதல்

கல்லின் மேலேயே அழியாத மையால் எண் போடுங்கள், அதே எண் குறிப்பேட்டிலும் இருக்கட்டும். சீட்டில் பார்த்ததை முதலிலும், ஊகித்ததைக் கடைசியிலும் எழுத வேண்டும். வரிசை இது: எடுத்த ஆறும் இடமும் நாளும், படுகையில் கிடந்ததா, பாறையிலிருந்து எடுத்ததா, புதிய முகத்தின் நிறம், மணியின் வடிவமும் திசையும், கத்தி, காந்தம், ஒப்படர்த்தி. டைக்கைக் கண்ணால் கண்டிருந்தால் 'டோலரைட்' என்று எழுதலாம். கூழாங்கல் மட்டும் கையிலிருந்து, குச்சி மணிகள் தெரிந்திருந்தால் 'டோலரைட்டாக இருக்கலாம்'. மணியே தெரியாத கறுப்பு என்றால் 'கரிய நுண்மணித் தீப்பாறை, மூலம் காணவில்லை' என்பதோடு நிறுத்துங்கள். ஒரு வகைக்கு ஒரு கல் போதும், மீதியை எடுத்த இடத்திலேயே போட்டுவிடுங்கள்.